கேப்டன் விருந்தில் இவர் சொன்னது

கப்பலில் ஏறின அன்றைக்கே எங்கள் பையன் எங்கள் இருவரையும் கட்டிலில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

"இங்கே நீங்க ரெண்டு பேரும் கெஸ்ட். நான் உங்க ரூமைக் கூட்டிப் பெருக்குற ஆளு. வெளியில என்னைப் பார்த்தா குட்மார்னிங் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. நின்னு பேசக் கூடாது. சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாது. அம்மா, முக்கியமா உனக்குத்தான் சொல்றேன்."

பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது? "சரிங்க சார்" என்றேன். சிரித்துவிட்டான். சிரித்தபோதுதான் கவனித்தேன், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிறந்தபோது தூக்க முடியாத கனம் என்று இவனுக்குக் குண்டு என்று பெயர் வைத்தோம். இன்றைக்கும் வீட்டில் அவன் குண்டுதான். இப்போது ஊதினால் பறந்துவிடுவான் போல இருந்தான்.

சொகுசுக் கப்பலில் போகிற அளவுக்கு நாங்கள் வசதிக்காரர்கள் இல்லை. நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். இவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் சில வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் அப்பா அம்மாவை ஒரு தடவை சலுகையில் அழைத்துவரலாமாம். குண்டு அதற்கு எழுதிப்போட்டு, தன்கூட வேலை பார்க்கும் நண்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி அதே வரிசையில் அறைகளையும் மாற்றிக்கொண்டு, எங்கள் அறை தன் பொறுப்பில் வருகிற மாதிரி செய்திருந்தான். அவன் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் வருகிறேன் வருகிறேன் என்பான். அப்புறம் இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

"இந்தத் தடவை நிச்சயம்மா" என்றான். "இந்தப் பயணம் முடிஞ்சதும் என்னை சூப்பர்வைசர் ஆக்குறாங்க. அதுக்கு முன்னாடி லீவு. முழுசா வீட்டுல இருப்பேன். நீ போதும் போடான்னு விரட்டுற வரைக்கும் இருப்பேன்."

நான் விரட்டுவேனாம். அவன் அறையில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளை எல்லாம் கிளம்புவதற்கு முன்பே எடுத்துப் பரணில் போட்டுவிட்டு வந்தவள் நான்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அது கப்பலே இல்லை, படுக்கவைத்த ஊர். உள்ளேயே கடைத்தெரு, நாடகக் கொட்டகை, நீச்சல் குளம். எந்நேரமும் யாராவது தின்றுகொண்டே இருந்தார்கள். குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஆட்கள் வந்து அதில் ஒரு துண்டையோ செருப்பையோ போட்டு இடம் பிடித்துவிட்டு, நிதானமாகச் சாப்பிடப் போனார்கள். இவருக்கு அதைப் பார்த்ததும் ஒரே குஷி. "பார்த்தியா, எவ்வளவு பெரிய கோடீஸ்வரனா இருந்தாலும் பஸ்ஸுக்குள்ள கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிற புத்தி போகல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இரண்டு மூன்று நாள் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதை இல்லை என்று சொன்னால் பொய்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். பையன் வந்து என் படுக்கையைத் தட்டிப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவன் வருவதற்குள் எழுந்து விரிப்பை இழுத்துவிட்டு, தலையணையை அடுக்கி, கழிவறையையும் தேய்த்துக் கழுவிவிடுவேன். குண்டு வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, மேலேருந்து ஒரு ஆள் வந்து திடீர்னு ரூமைப் பார்ப்பான். நீ போட்ட பெட்டைப் பார்த்தா இது என் கை இல்லன்னு கண்டுபிடிச்சிடுவான்."

"என் கைக்கு என்னடா குறைச்சல்? உன் விரிப்பு ஓரத்துல தையலே கோணலா போயிருக்கு, அதை முதல்ல பாரு."

"தாயே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். காலை நீட்டி உக்காரு."

உட்கார்ந்தேன். அவன் குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்த்தேன். மெத்தையைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கையில் கழிவறை கழுவுகிற மருந்து நெடி. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாது என்று சொன்னதால் கேட்கவில்லை.

நான் கையைப் பார்த்தேன் என்றால் இவர் பார்த்தது வேறு. டிப்போவில் எந்த டிரைவர் எப்போது வண்டி எடுத்தான், எப்போது இறங்கினான் என்று பார்ப்பதே இவர் பிழைப்பாக இருந்தது. போதாததற்குச் சங்கச் செயலாளர் வேறு. டியூட்டி முடிந்த டிரைவரை இன்னொரு நடை ஓட்டச் சொன்னதற்காக ஒருமுறை பஸ்ஸுக்கு முன்னால் படுத்தவர். அப்படிப்பட்டவர் கண்ணில் இது படாமல் இருக்குமா? பணியாளர் கதவுக்குப் பக்கத்தில் விரல் வைக்கிற மிஷின் ஒன்று இருந்தது. குண்டு அதில் விரலை வைத்து வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அதே குண்டு அதே டிராலியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் வந்தான். அன்றைக்கு மட்டும் என்று நினைத்தால், மறுநாளும் அதே கதை. அவன் மட்டுமில்லை, அந்த வரிசைப் பையன்கள் எல்லாருமே.

"டேய், பஞ்ச் அடிச்சு முடிச்சுட்டு என்னடா வேலை?" என்று அறைக்குள் வைத்துக் கேட்டார்.

"அதெல்லாம் அப்படித்தான்ப்பா. ரூம் முடியலன்னா என்ன பண்றது?"

"முடியலன்னா ஓவர்டைம் போடச் சொல்லு. இல்ல, ஆள் போடச் சொல்லு."

"அப்பா, இது டிப்போ இல்ல. விடுங்க."

"விடுங்க" என்று இவரிடம் யாராவது சொன்னால் அது பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மாதிரி. எனக்கு அது தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும்.

கேப்டன் விருந்து என்று ஒரு சாயங்காலம் வைத்தார்கள். எல்லாரும் சீவிச் சிங்காரித்து வரவேண்டும். இவருக்கு நானே கோட்டுத் தைத்து எடுத்துப் போயிருந்தேன். போட்டதும் ஆள் ஒரு சுற்றுப் பெரியவராகிவிட்டார், குரல்கூட மாறிவிட்டது. பெரிய கூடம், கண்ணாடி விளக்குகள், வயலின் வாசிக்கிற பெண்கள். கேப்டனோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நின்றது. வெள்ளை உடுப்பும் தோளில் தங்கப் பட்டையுமாக ஓர் அதிகாரி கூட்டத்துக்குள் கை குலுக்கிக்கொண்டே வந்தார். கப்பலின் அறைகள், சாப்பாடு, பணியாட்கள் எல்லாம் அவர் கையில்தான் என்று பக்கத்தில் நின்ற அம்மாள் சொன்னாள்.

எங்களிடம் வந்தார். கையைக் குலுக்கினார். ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"எல்லாம் வசதியா இருக்கா? எங்களால வேற ஏதாவது செய்ய முடியுமா?"

இது ஒரு மரியாதைக்குக் கேட்பது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பிரமாதம், அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று நினைக்கிற ஜென்மம் இவர் ஒருவர்தான்.

"ஒண்ணு செய்யலாம் சார்" என்றார். "என் பையன் உங்ககிட்டதான் வேலை பார்க்கிறான். டியூட்டி முடிஞ்சதுன்னு பஞ்ச் அடிச்ச பிறகும் அவன் ரூம் பெருக்கிக்கிட்டு இருக்கான். அந்த வரிசையில எல்லாப் பசங்களும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாம நடக்குதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சா நீங்க விடமாட்டீங்க."

அதிகாரியின் சிரிப்பு அப்படியே இருந்தது. எந்தத் தளம், எந்த வரிசை என்று பொறுமையாகக் கேட்டார். இவர் டிப்போ ஆங்கிலத்தில் புட்டுப் புட்டு வைத்தார். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இது எங்களுக்கு ரொம்ப உபயோகம்" என்று சொல்லி மறுபடியும் கை குலுக்கினார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? இவர் கையைக் கிள்ளியிருக்கலாம். காலை மிதித்திருக்கலாம். தலை சுற்றுகிறது என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. குண்டுவின் உரிந்த விரல்தான் கண்முன் நின்றது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். என் புருஷன் எவ்வளவு தைரியமாகப் பேசுகிறார் என்று பெருமை வேறு.

"பார்த்தியா, பெரிய மனுஷன்னா இப்படி இருக்கணும். நாளைக்கே சரி பண்ணிடுவாரு" என்று சொல்லிக்கொண்டே அறைக்கு வந்தார். கோட்டைக் கழற்றவே மனசில்லை அவருக்கு.

மறுநாள் காலையில் கதவைத் தட்டியது குண்டு இல்லை. அறை மாற்றிக்கொடுத்த அந்த நண்பன். நம் மொழி பேசுகிற பையன்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. விரிப்பை உருவினான், புதிதை விரித்தான். நான் விடவில்லை, குண்டு எங்கே என்று கேட்டேன்.

"கீழே லாண்டரிக்கு அனுப்பிட்டாங்க ஆன்ட்டி. விசாரணை முடியற வரைக்கும்."

"என்ன விசாரணை?"

"பஞ்ச் அடிச்ச பிறகு வேலை செய்யக் கூடாதுன்னு கம்பெனி ரூல். மீறினா செஞ்சவன் மேலதான் தப்பு. ஆனா அந்த நேரத்துக்குள்ள அத்தனை ரூமும் முடியவே முடியாது. முடிக்கலன்னா அதுக்கும் திட்டு. அதனால எல்லாரும் பஞ்ச் அடிச்சிட்டு வந்து முடிச்சிடுவோம். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கிறதில்ல." தலையணை உறையை உதறினான். "இப்ப எங்க எட்டு பேரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்கிறாங்க. ரூல் மீறினது நிஜம்னா எட்டு பேரையும் அடுத்த துறைமுகத்துலேயே இறக்கி அனுப்பிடுவாங்க."

"அவன் சூப்பர்வைசர் ஆகப்போறேன்னானே தம்பி."

"அது நேத்து ராத்திரியே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு ஆன்ட்டி."

இவர் எழுந்து நின்றார். "நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது பொய் இருக்கா?"

"இல்ல அங்கிள். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்" என்றான் அந்தப் பையன். டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் நாங்கள் இருந்த இருப்பை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. மேலே பாட்டும் கூத்தும் நடக்கிறது. தட்டு தட்டாகக் கேக் வருகிறது. எங்கள் காலுக்குக் கீழே, எத்தனையோ தளத்துக்கு அடியில், சன்னல்கூட இல்லாத இடத்தில் என் பிள்ளை கப்பல் முழுக்க இருப்பவர்களின் அழுக்கைத் துவைத்துக்கொண்டிருக்கிறான். நான் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். போட்டால் அவன் கைக்குத்தானே போகும்? குளித்துவிட்டு ஈரத்தோடு என் பழைய துணியால் துடைத்துக்கொண்டேன். இவர் பணியாளர் கதவுக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். அங்கே நிற்கக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

நான் திட்டினேன். மனசு ஆறும் மட்டும் திட்டினேன். "உங்க நியாயத்தைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்க. டிப்போவுல ஊரைக் கூட்டிக்கிட்டு நின்னீங்களே, அங்கே உங்க பின்னாடி நூறு பேரு இருந்தாங்க. இங்கே என் பிள்ளை ஒத்தை ஆளு" என்றேன். திட்டினால் திருப்பித் திட்டுகிற மனுஷன் பேசாமல் இருந்தால் அது ரொம்பக் கஷ்டம்.

மறுநாள் சாயங்காலம் இவராகவே சொன்னார். "நான் போய் அந்த ஆபீசர்கிட்ட, சொன்னது பொய்னு சொல்லிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஊரே வந்து சாப்பிட்டுச் சரியாக இருக்கிறது என்றாலும், அதிகம்தான் என்று நிற்பவர் இவர். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கி நான் பார்த்ததே இல்லை.

இருவருமாகப் போனோம். அந்த அதிகாரி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். இவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"சார், அன்னைக்கு விருந்துல நான் சொன்னது தப்பு. நான் எதையும் பார்க்கல. சும்மா..."

அதிகாரி இவர் தோளில் மெதுவாகக் கையை வைத்தார். "நீங்க கவலைப்படாதீங்க. உங்க மகன் எல்லாத்தையும் விளக்கமா சொல்லிட்டாரு. உங்களுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது, பழைய வேலையில நடந்ததை எல்லாம் இங்கே நடந்ததா நினைச்சுக்கறீங்கன்னு. மத்த பசங்களும் அதையேதான் சொன்னாங்க. என் மாமனாருக்கும் இதே கஷ்டம்தான். எனக்குப் புரியுது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாருக்கு ஞாபகம் தடுமாறுகிறது? குண்டு பிறந்த அன்றைக்கு எந்த வழித்தடத்தில் எந்த டிரைவர் ஓடினான் என்று இன்றைக்கும் சொல்லக்கூடிய மனுஷனுக்கா? வாயைத் திறந்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பிறகு அதிகாரியைப் பார்த்து, எனக்கு முன்பின் தெரியாத ஒரு குரலில் பேசினார்.

"ஆமா சார். பஸ் டிப்போவுல நடந்தது அது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்பிப்போயிடுது."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வீட்டுலயும் இப்படித்தானா மேடம்?"

என் கண்ணெதிரில் என் புருஷன் நின்றார். காலுக்கு அடியில் எங்கேயோ என் பிள்ளை நின்றான்.

"ஆமா சார்" என்றேன். "அடுப்பைப் பத்தவெச்சா அணைக்க மறந்துடறார். பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

எங்கிருந்து வந்தது அந்த அடுப்பு? யாரும் கேட்கவில்லையே அதை. இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன்.

விஷயம் அதோடு முடிந்தது என்றார் அதிகாரி. பையன்கள் யார் மேலும் தப்பில்லை. குண்டு நாளையிலிருந்து லாண்டரியை விட்டு மேலே வந்துவிடுவான், ஆனால் வேறு தளத்துக்கு. குடும்பத்தார் இருக்கிற வரிசையில் இனிமேல் வேண்டாம் என்று முடிவு. சூப்பர்வைசர் பதவி இந்தமுறை கொடுத்தாகிவிட்டது, அடுத்தமுறை பார்க்கலாம். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனுஷன்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து கப்பலே இவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. லிஃப்டுக்குள் ஏறினால் ஒரு பெண் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் நடைவழிக் கம்பளத்தில் மீன் மீனாகப் போட்டிருக்கும். "மீன் எல்லாம் கப்பலோட முன்பக்கத்தைத்தான் பார்க்கும். வழி மறந்தா மீன் முகத்தைப் பாருங்க" என்று பக்கத்து அறை அம்மாள் இவருக்குச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். இவர் குனிந்து மீனைப் பார்த்தார். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார். அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

குண்டு வரவே இல்லை. அவன் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கையில் கிடைத்தால் இரண்டு வைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். பெற்ற அப்பனைப் பைத்தியம் என்று சொல்ல எப்படி நாக்கு எழுந்தது?

இறங்குகிற காலையில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் குண்டு நிற்கிறான், முன்னால் ஒரு சக்கர நாற்காலி. அதிகாரி அனுப்பினாராம். அப்பாவை மகனே அழைத்துப் போகட்டும் என்றாராம். அவன் கண் இரண்டும் வீங்கியிருந்தது. அடிக்கலாம் என்று இருந்த கை எழவில்லை.

"வேற வழி தெரியலம்மா" என்றான். "எட்டு பேரு. ரெண்டு பேருக்குக் கைக்குழந்தை இருக்கு."

இந்த வயதிலும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிற இவர், வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குண்டு மண்டியிட்டு, இவருடைய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலகையில் வைத்தான். வைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தான்.

இறங்குகிற பாதை நீளமான சரிவு. இரண்டு பக்கமும் பணியாட்கள் நின்று கையசைத்தார்கள். அதிகாரியும் நின்றார். இவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரையும் பார்க்காத பார்வையாக வைத்துக்கொண்டார். எங்கே கற்றுக்கொண்டாரோ. நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

பாதி தூரத்தில் குண்டு குனிந்தான். "அப்பா, நான் உங்களைப் பத்தி அங்கே சொன்னது..."

"என்ன சொன்னே?" என்றார் இவர், தலையைத் திருப்பாமல். "எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்கிறதில்லையே. பார்த்துத் தள்ளு, சரிவா இருக்கு."

குண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே தள்ளினான். கீழே தரையில் கொண்டுவந்து நிறுத்தினான். உடனே திரும்ப வேண்டும், அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் அறைகளை முடிக்க வேண்டும். நான் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"எப்படா வர்றே?"

"இன்னொரு கான்ட்ராக்ட் போடறேன்மா. அது முடியட்டும்."

அப்பாவின் தோளைத் தொட்டான். இவர் அவன் கைமேல் தன் கையை வைத்து, உரிந்த அந்த விரல்களை ஒருதரம் தடவிவிட்டு எடுத்துக்கொண்டார். அவன் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான்.

"எழுந்திருங்க" என்றேன். "அவன் போயிட்டான்."

"இரு. மேலேருந்து பார்ப்பாங்க."

அண்ணாந்து பார்த்தேன். அத்தனை பெரிய கப்பலில் ஒரு முகம்கூட எங்கள் பக்கம் இல்லை. மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் ஆள்கூட முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். அதை இவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையை இவர் மடியில் வைத்துவிட்டு, நானே பின்னால் போய் நாற்காலியைப் பிடித்து, வெளி வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன்.